தண்ணீர் குடித்தபின் சொன்ன சேதி

தலைவர் செய்த தவற்றுக்காக ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் கலைக்கு நிருவாகம் என்று பெயர். அக்கலை எங்கள் அவேட்டோ நகரில் எத்துணைச் செழிப்போடு வளர்ந்திருந்தது என்பதற்குக் குடிநீர்க் கழகத்தின் பரிசு மெய்ம்மைப் பிரிவு ஒன்றே போதிய சான்றாகும்.

அப்பிரிவு பிறந்த வரலாறு சுருக்கமானது. கழகத்தின் இயக்குநரான முனைவர் அமெட்டெஃபே அவர்களுக்கு ஒரு நாள் மின்னஞ்சல் ஒன்று வந்தது. கண்டத்திலேயே தலைசிறந்த குடிநீர் நிருவாகிக்குரிய ‘பொற்குழாய் விருது’ அவருக்கு வழங்கப்பட்டிருப்பதாகவும், விருதோடு ஒரு கைக்கடிகாரம் அன்பளிப்பாக வருவதாகவும், கீழேயுள்ள பொத்தானை அழுத்தினால் போதுமென்றும் அதில் கண்டிருந்தது. தம்மைத் தலைசிறந்தவர் என்று ஒருவர் சொல்லும்போது அதைச் சரிபார்க்கும் வழக்கம் இயக்குநரிடம் இல்லை. அழுத்தினார். அடுத்த நான்கு நாள்களும் கழகத்தின் முகவரியிலிருந்து நகரத்துக் குடும்பங்கள் அனைத்துக்கும் இடுப்புக் கொழுப்பைக் கரைக்கும் தேயிலையின் விளம்பரம் மணிக்கு ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் அவர் அனைவரையும் முற்றத்தில் கூட்டி, ஊழியர்களிடையே விழிப்புணர்வு போதவில்லை என்று மிகுந்த வருத்தத்தோடு அறிவித்தார்.

பிரிவின் தலைமை, தலைநகர் அக்ராவில் மூன்று நாள் பயிலரங்கு ஒன்றில் அமர்ந்துவிட்டு வந்த பிராஸ்பர் என்பவருக்குக் கொடுக்கப்பட்டது. குளிரூட்டிய அறை இரண்டு, நாற்காலி நான்கு, ‘மெய்’ என்றொரு முத்திரை, ‘போலி’ என்றொரு முத்திரை ஆகியவை வாங்கப்பட்டன. மெய் முத்திரையின் மைப்பெட்டி கடைசிவரை திறக்கப்படவில்லை.

இனி டொட்சேயைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் அக்கழகத்தில் வீடுவீடாகச் சென்று மீட்டர் கணக்கெடுப்பவர். காக்கிச் சட்டையும் ரப்பர் காலணியும் டார்ச்சு விளக்குமாக முப்பது ஆண்டுகள் நகரத்தின் ஒவ்வொரு வேலிக்குள்ளும் நுழைந்து, மீட்டர்க் குழியின் மூடியைத் தூக்கி, உள்ளே பாம்பு இருந்தால் அதனிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எண்ணைப் படித்துக் குறித்துக்கொண்டு வந்தவர். எந்தக் குழாய் எந்த வீட்டுக்கு அடியில் ஓடுகிறது, எந்த வால்வு எந்தச் சாலைக்கு அடியில் புதைந்து கிடக்கிறது என்பவை கழகத்தின் வரைபடங்களில் இல்லை. டொட்சேயின் தலைக்குள் இருந்தன. இளையவர்கள் அவரை அண்ணன் முறை வைத்து ‘எஃபோ’ என்றே அழைத்தார்கள்.

டொட்சேக்குக் கழகத்தின் குடியிருப்பில் ஒரு வீடு உண்டு. டிசம்பரில் ஓய்வு பெறும் அன்றே அதைக் காலி செய்யவேண்டும். மலைப்பாதை ஓரத்தில் சொந்த மனையில் அவர் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் எவரும் வீட்டை ஒரே மூச்சில் கட்டுவதில்லை. கிடைக்கும்போது கிடைக்கும் கற்களை அடுக்கிக்கொண்டே போவோம். பதினோர் ஆண்டுகளில் நான்கு சுவர்களும் எழும்பிவிட்டன. சுவர்களின் தலையில் புல் முளைத்துப் பூத்தும்விட்டது. குறையாக இருந்தது கூரை ஒன்றுதான். அதற்கும் ஒரு வழி இருந்தது. பத்தாண்டு பணி செய்தவருக்குக் குடை, இருபதாண்டுக்குச் சுவர்க்கடிகாரம், முப்பதாண்டுக்கு மூன்று கட்டுக் கூரைத் தகடு என்பது கழகம் தோன்றிய நாள்முதல் மாறாத மரபு. குடையையும் கடிகாரத்தையும் டொட்சே பெற்றுவிட்டார். ஜூன் மாதத்தில் அவருக்கு முப்பதாண்டு நிறைந்தது.

பயிற்சி வகுப்பு திங்கள்தோறும் நடந்தது. பொய்ப் பரிசை அடையாளம் காட்டும் குறிகள் ஏழு என்று பிராஸ்பர் கற்பித்தார்.

“அன்புள்ளவரேன்னு கூப்பிட்டா சந்தேகப்படு. வாழ்த்துகள்னு சொன்னா எழுந்து நில்லு. சீக்கிரம்னு சொன்னா உட்காரு. கீழ அழுத்துன்னு சொன்னா கையக் கட்டிக்க. உன் பேரு, உன் வேலைன்னு உன்னப் பத்தியே பேசினா காதப் பொத்திக்க. இலவசம்னா கண்ண மூடிக்க. ஏழாவதுதான் ரொம்ப ஆபத்து. உனக்கு எது வேணுமோ அதையே தரேன்னு சொன்னான்னா, ஓடிப்போயிரு.”

குடிநீர்க் கட்டணம் வாங்கும் சன்னலில் அமர்பவளான செனம் கையைத் தூக்கினாள். “சார், நம்ம கழகம் அனுப்புற மெயிலெல்லாம் அப்படித்தானே இருக்கு. ‘அன்புள்ள ஊழியரே, உடனே கீழே அழுத்தவும்’னுதானே லீவுக்கே எழுதுறீங்க.”

“அது நடை. இது நோக்கம்.”

“வித்தியாசம் எப்படி சார் தெரியும்?”

“உனக்குத் தெரியாது. அதனாலதான் பிரிவு இருக்கு.”

டொட்சேயிடம் இவற்றுக்கெல்லாம் முன்பே ஒரு முறை இருந்தது. தொலைபேசி நிறுவனமும் சோப்பு நிறுவனமும் அவருக்குப் பரிசு அறிவித்தபோதெல்லாம் அவர் கேட்ட கேள்வி ஒன்றே. “இவனுக்கு எங்கப்பாவத் தெரியுமா? எங்கப்பாவத் தெரியாதவன் எதுக்கு எனக்கு ஆடு தரான்?” அம்முறை முப்பது ஆண்டுகளாகப் பிழைபட்டதில்லை. எனினும் அதற்குச் சான்றிதழ் இல்லாமையால் பிரிவு அதை ஏற்கவில்லை.

பிரிவின் நடைமுறை பின்வருமாறு அமைந்தது. பரிசு பற்றிய மின்னஞ்சல் எது வந்தாலும் ஊழியர் அதை மூன்று படி அச்சிட்டுப் பிரிவில் ஒப்படைக்கவேண்டும். இருபத்தொரு வேலைநாள் கழித்துத் தீர்ப்பு வழங்கப்படும். பெரும்பாலான பரிசுகளுக்கு மூன்று நாளே கெடு என்பதால், இருபத்தோராம் நாள் பிரிவு எழுதியது எப்போதும் ஒன்றுதான்: ‘இன்றுவரை பரிசு வந்து சேராமையால், இது போலி என்பது ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டது.’ சோப்பு நிறுவனம் ஒருமுறை மெய்யாகவே வாளி வழங்கியது. செனம் தீர்ப்புக்காகக் காத்திருந்த நான்கு வாரங்களில் அவள் தெருவில் இருந்த பதினான்கு குடும்பங்கள் மஞ்சள் வாளியில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தன. அவளுடைய தீர்ப்பிலும் ‘போலி’ என்றே முத்திரை விழுந்தது. அவள் தெருவில் போன மஞ்சள் வாளியைச் சுட்டிக் காட்டினாள். பிராஸ்பர் வாளியையும் அச்சிட்டு மூன்று படி கொண்டுவரச் சொன்னார்.

தீர்ப்பு வழங்குவதோடு நில்லாமல், பிரிவு தானே பொய்ப் பரிசுகளை அனுப்பி ஊழியர்களைச் சோதிக்கவும் தொடங்கியது. உயிர்த்தெழுதல் பெருவிழாவுக்கு ஆளுக்கோர் ஆடு என்று முதற்சோதனை வந்தது. செனம் அழுத்திவிட்டாள். மறுநாள் முதல் ஒரு வாரம், ‘நான் அழுத்தினேன்’ என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் கட்டணச் சன்னலில் அமர்ந்திருந்தாள். பணம் கட்ட வந்தவர்கள் எதை அழுத்தினாள் என்று தெரியாமல் தத்தமக்குத் தோன்றியதை எண்ணிக்கொண்டு போனார்கள்.

அதன்பின் எவரும் எதையும் அழுத்தவில்லை. சந்தைச் சாலையில் பெருங்குழாய் உடைந்துவிட்டதென்று பொறியாளர் அனுப்பிய அவசரச் செய்தியைப் பதினொருவர் போலியென ஐயுற்றுப் பிரிவில் ஒப்படைத்தனர். சாலையில் மூன்று நாள் படகு விடலாம் போல நீர் ஓடியது. இயக்குநர் அப்பதினொருவருக்கும் பாராட்டுரை வழங்கினார். டொட்சேயின் மாமியார் இறந்தபோது இயக்குநரே இரங்கல் மின்னஞ்சல் ஒன்று அனுப்பினார். டொட்சே விதிப்படி மூன்று படி எடுத்துக் கொடுத்தார். இருபத்தோராம் நாள் வந்த தீர்ப்பு: ‘போலி. காரணம்: அனுப்பியவரிடமிருந்து எதிர்பார்க்க இயலாத அன்பு.’

இவ்வாறு கழகத்திலேயே மிக விழிப்பானவர் டொட்சே என்னும் பெயர் நிலைபெற்றது. அந்தப் பெயர்தான் அவருக்குப் பகையாயிற்று.

ஆண்டறிக்கை எழுதும் காலம் நெருங்கியது. ஏமாந்தவர் எண்ணிக்கை என்னும் கட்டத்தில் பூச்சியம் எழுதவேண்டிய நிலை. பிரிவின் தலைவரும் இயக்குநரும் கதவை அடைத்துக்கொண்டு கலந்துபேசினர். அப்பேச்சின் குறிப்பைப் பின்னொரு மாதத்தில் தட்டச்சு செய்தவள் செனம் என்பதால், அது நமக்குச் சொல் பிறழாமல் கிடைத்திருக்கிறது.

“யாரும் ஏமாறலைன்னா, பிரிவு எதுக்குன்னு மேல கேப்பாங்க ஐயா,” என்றார் பிராஸ்பர்.

“நல்லா வேலை செஞ்சதாலதான் ஏமாறலைன்னு எழுது.”

“நல்லா வேலை செஞ்ச பிரிவ மூடிருவாங்க ஐயா. வேலை மிச்சமிருக்கிற பிரிவுக்குத்தான் பணம் வரும். அந்த டொட்சே ஒருத்தன் விழுந்தாப் போதும். அவனே விழுந்தா எவனும் விழுவான்னு எழுதிரலாம். கூரைத் தகடுன்னு வியாழக்கிழமை அனுப்பினேன். வெள்ளிக்கிழமை மூணு காப்பி எடுத்துட்டு வந்து நிக்கிறான்.”

“வேற எதை நம்புவான் அவன்?”

“மெயிலத்தான் ஐயா நம்ப மாட்டான். ஆள நம்புவான்.”

டொட்சேக்கு வியாழனன்று வந்திருந்த மின்னஞ்சல் இதுதான்: ‘அன்புள்ள நீண்டகால ஊழியரே, வாழ்த்துகள். தங்கள் முப்பதாண்டுப் பணிக்கான மூன்று கட்டுக் கூரைத் தகடுகள் இலவசமாக ஆயத்தமாக உள்ளன. ஞாயிறு மாலைக்குள் கீழே அழுத்திப் பெற்றுக்கொள்ளவும்.’ அவர் அதை மனைவி ஜிக்போர்டிக்குப் படித்துக் காட்டி, விரல்களை மடக்கி எண்ணினார். ஏழு குறிகளும் இருந்தன.

“கஃபுயி அப்பா, ஒருவேளை இது நிஜமா இருந்தா?” என்றாள் அவள், வழக்கம்போலப் பிள்ளையின் பெயரால் அழைத்து.

“நிஜமா இருந்தா இவ்வளவு இனிப்பா இருக்காது.”

“முப்பது வருஷம் ஆச்சுல்ல. குடை வந்துச்சு, கடிகாரம் வந்துச்சு.”

“குடையக் கையில குடுத்தாங்க. கடிகாரத்த மேடையில குடுத்தாங்க. இத அழுத்தச் சொல்றாங்க,” என்று சொல்லிவிட்டு அவர் மூன்று படி எடுக்கப் போனார். இருந்தும் அன்றிரவு உணவின்போது, அக்ப்லே என்னும் சோளமாவு உருண்டையைக் குழம்பில் தோய்த்தபடியே, தகட்டை எந்தப் பக்கம் சாய்த்து அடித்தால் மழைநீர் பின்பக்கம் விழும் என்று அவர் ஒருமுறை சொன்னார். அவளும் கேட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் கழகத்தின் வண்டி அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. நெய்த துணியில் மேலங்கி அணிந்து இயக்குநர் இறங்கினார். பின்னே பிராஸ்பர். முப்பது ஆண்டுகளில் இயக்குநர் எவரும் அக்குடியிருப்புக்கு வந்ததில்லை. டொட்சே நாற்காலிகளைத் துடைத்தார். ஜிக்போர்டி குவளையில் தண்ணீர் கொண்டுவந்து, சற்றே முழங்கால் மடித்து, இரு கைகளாலும் நீட்டினாள். இயக்குநர் முன்னோருக்காக இரண்டு சொட்டு நிலத்தில் சிந்திவிட்டுக் குடித்தார். இன்னொரு குவளையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

எங்கள் மக்களிடம் சட்டங்கள் பல உடைந்துவிட்டன. இந்த ஒன்று உடையவில்லை. வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் வந்த காரியத்தைக் கேட்பதில்லை. தண்ணீரைக் குடித்தவர் வந்த காரியத்தில் பொய் கலப்பதில்லை. கொடுத்த கடனைக் கேட்க வந்தவனும், கட்டிய பெண்ணைத் திருப்பியனுப்ப வந்தவனும், இழவு சொல்ல வந்தவனும் குடித்துவிட்டு மெய்யைத்தான் சொல்லுவார்கள். பொய் சொல்ல வந்தவன் தாகமில்லை என்று குவளையைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். அந்த அளவுக்கு எங்கள் திருடர்களிடமும் நாணயம் இருந்தது.

“இங்க எல்லாம் சமாதானம். வழியில வந்தது நீங்க,” என்று டொட்சே முறைப்படி வந்த காரியத்தைக் கேட்டார்.

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “நாங்களும் நல்ல சேதியோடதான் வந்திருக்கோம். முப்பது வருஷம் இந்த ஊருக்கு உழைச்சிருக்கீங்க. உங்களுக்கு ஒரு மெயில் வந்திருக்கு, தகடு பத்தி. நீங்க அதப் பிரிவுல குடுத்துட்டீங்க. உங்க விழிப்ப மெச்சறேன். ஆனா அது நாங்க அனுப்பினது. அதச் சொல்லத்தான் நானே நேர்ல வந்தேன்.”

“ஐயா, அதுல ஏழு அடையாளமும் இருக்கே.”

“உண்மையான பரிசுலயும் சில நேரம் ஏழும் இருக்கும்.”

“அப்ப நாங்க படிச்சது?”

“படிச்சது சரி. இது விதிவிலக்கு. என் முகத்தப் பாருங்க எஃபோ டொட்சே. உங்க வீட்டுத் தண்ணியக் குடிச்சிட்டுச் சொல்றேன்.”

தம்மினும் இளையவர்கள் பலர் டொட்சேயை ‘எஃபோ’ என்று அழைத்ததுண்டு. இயக்குநர் அழைத்தது அதுவே முதன்முறை. உள்ளே பாத்திரம் ஒன்று விழும் ஓசை கேட்டது. சற்று நேரத்தில் கொல்லைப்புறத்திலிருந்து கோழி ஒன்று கத்தி அடங்கியது. முட்டையிடுகிற கோழி, ஜிக்போர்டி அதை அறுத்துவிட்டாள்.

விருந்தினர் இருவரும் உண்டார்கள். டொட்சே கைப்பேசியை எடுத்துக் கட்டைவிரலைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு அழுத்தினார். எங்கள் ஊரில் இணைய இணைப்பு நத்தைக்கு உறவு. திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. இயக்குநர் தொடைக்கறியை முடித்தார். வட்டம் சுற்றியது. பிராஸ்பர் எலும்பை உறிஞ்சினார். வட்டம் சுற்றியது. “சுத்தட்டும், சுத்தட்டும். நல்லது மெதுவாத்தான் வரும்,” என்று சொல்லி இருவரும் கைகழுவிக்கொண்டு விடைபெற்றனர். வண்டி முனை திரும்பிய பிறகு பக்கம் திறந்தது. கண்ணீர் வடிக்கும் குழாய் ஒன்றின் படம். அதன்கீழ், ‘நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள். விழிப்போடு இருந்திருக்க வேண்டும்.’

“என்ன போட்டிருக்கு?” என்றாள் ஜிக்போர்டி, கோழியின் இறகுகளைக் கூட்டிக்கொண்டே.

“ஏதோ தப்பாத் திறந்திருக்கு,” என்றார் டொட்சே. ஞாயிறு முழுதும் அவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்களன்று முற்றத்தில் அனைவரும் கூட்டப்பட்டனர். இயக்குநர் ஆற்றிய உரை பின்னர் அச்சிட்டு எல்லாச் சுவர்களிலும் ஒட்டப்பட்டது. அதன் இன்றியமையாத பகுதி இது.

“நம்ம கழகத்துலயே ரொம்ப விழிப்பான ஆளு டொட்சே. அவரையே நாங்க விழ வச்சுட்டோம். எப்படி? அவர் வீட்டுக்குப் போனோம். தண்ணி குடுத்தாங்க, குடிச்சோம். அவ்வளவுதான். அதுக்கப்புறம் நாங்க என்ன சொன்னாலும் நம்பினாரு. யோசிச்சுப் பாருங்க. ஒரு குவளைத் தண்ணி. அதுதான் நம்ம பாதுகாப்புல இருக்கிற ஓட்டை. நாள பின்ன ஒரு மோசக்காரன் வந்து குடிச்சா என்ன ஆகும்? நல்லவேளை, முதல்ல குடிச்சது நாங்க.”

கைதட்டுமாறு பிராஸ்பர் சைகை காட்டினார். சிலர் தட்டினார்கள். டொட்சே கையைத் தூக்கினார்.

“ஐயா, ஒரு கேள்வி. தகடுன்னு ஒண்ணு நிஜமா இருந்துச்சா?”

“இருந்ததே. கிடங்குல உங்க பேரெழுதியே இருக்கு. செவ்வாய்க்கிழமை உண்மையான மெயில் அனுப்பறதா இருந்தோம்.”

“இருந்தீங்களா?”

“விதின்னு ஒண்ணு இருக்குல்ல. விழிப்புச் சோதனையில தவறினவங்க அந்த வருஷம் நீண்டகாலப் பரிசு வாங்க முடியாது. அடுத்த வருஷம் முயற்சி பண்ணலாம்.”

“அடுத்த வருஷம் நான் இங்க இல்லையே ஐயா. டிசம்பர்ல ஓய்வு.”

இயக்குநர் பிராஸ்பரைப் பார்த்தார். பிராஸ்பர் விதிநூலைப் புரட்டினார். ஓய்வு பெற்றவர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஆகையால் அவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று அவர் விளக்கினார்.

“என் வீட்டுத் தண்ணியக் குடிச்சிட்டுச் சொன்னீங்க ஐயா,” என்றார் டொட்சே. குரலை உயர்த்தவில்லை.

“அதுதானே பாடமே,” என்றார் இயக்குநர் பரிவோடு.

அட்டை அவர் கழுத்தில் மாட்டப்பட்டது. மீட்டர் கணக்கெடுப்பவருக்குச் சன்னல் கிடையாது, ஊர்தான் இருக்கை. ஒரு வாரம் முழுதும் அவர் அந்த அட்டையோடு வேலிவேலியாக நுழைந்து மூடிகளைத் தூக்கினார். பெண்கள் வழக்கம்போலத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை.

“எஃபோ, அட்டையத் திருப்பியாவது போட்டுக்கங்க. எழுத்து உள்பக்கம் இருக்கட்டும்,” என்றாள் செனம்.

“எதுக்கும்மா? அழுத்தினது நான்தானே.”

“அவங்க கழுத்துல ஒண்ணு தொங்கணும் எஃபோ. ‘நாங்க குடிச்சோம்’னு.”

அவ்வாண்டின் அறிக்கை சிறப்பாக அமைந்தது. பிரிவுக்கு மூன்றாவது அறையும், ஒரு வண்டியும் ஒதுக்கப்பட்டன. வண்டி வெயிலில் நிற்கக்கூடாது என்பதால் கொட்டகை ஒன்று போடப்பட்டது. கிடங்கில் பெயரெழுதிக் கிடந்த மூன்று கட்டுத் தகடு அதற்குப் போதுமானதாக இருந்தது. ‘டொட்சே’ என்று சுண்ணக்கட்டியில் எழுதிய பக்கம் உட்புறமாக வருமாறு அடித்ததால், வண்டியோட்டி மட்டும் அண்ணாந்து பார்த்தால் படிக்கலாம். கூடவே சுற்றறிக்கை ஒன்றும் வந்தது: ‘வாய்மொழியாகச் சொல்லப்படும் எச்செய்தியையும், தண்ணீர் அருந்தப்பட்டிருப்பினும், ஊழியர்கள் நம்பலாகாது. மின்னஞ்சலில் வந்து பிரிவு தீர்ப்பளித்ததே செய்தி.’

டிசம்பர் வந்தது. டொட்சேயும் மனைவியும் குடியிருப்பைக் காலி செய்து மலைப்பாதை ஓரத்துச் சுவர்களுக்குள் குடிபுகுந்தனர். ஓர் அறையின்மேல் நீலத் தார்ப்பாயைக் கட்டி, அதன்மேல் கற்களை வைத்தார்கள். ஹர்மட்டான் என்னும் வறட்காற்று செம்மண் தூளை வாரிக்கொண்டு வந்து தார்ப்பாயை அடித்துக்கொண்டே இருந்தது. சுவர்க்கடிகாரத்தை மாட்டினார்கள். குடையைத் தூங்குமிடத்துக்கு மேலே விரித்துக் கட்டினார்கள். கழகம் தந்த அன்பளிப்புகள் ஒன்றும் வீண்போகவில்லை.

சனவரி இரண்டாம் வாரத்தில் நகரம் வறண்டது. மலையிலிருந்து இறங்கும் பெருங்குழாயில் ஒரு வால்வு தானாக இறங்கி அடைத்துக்கொண்டது. அது எங்கே இருக்கிறதென்று வரைபடம் சொல்லவில்லை. பொறியாளர்கள் ஐந்து இடங்களில் தோண்டி, ஒரு பழைய கல்லறையையும் ஒரு பேருந்தின் சக்கரத்தையும் கண்டெடுத்தார்கள். மூன்று நாளாகப் பெண்கள் ஓடைக்கு நடந்துகொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அமைச்சர் வருகிறார்; பரிசு மெய்ம்மைப் பிரிவின் மூன்றாவது அறையைத் திறந்துவைக்க.

வியாழன் காலையில் கழகத்தின் வண்டி மலைப்பாதையில் ஏறி வந்தது. இயக்குநரும் பிராஸ்பரும் இறங்கினார்கள். டொட்சே இரண்டு கற்களைத் தட்டிப் போட்டார். உட்கார்ந்தார்கள். தொண்டைக்குள் செம்மண். ஜிக்போர்டி அடுப்புக்கு அருகே நின்றாள். பக்கத்தில் அவள் ஓடையிலிருந்து சுமந்து வந்த பானை நிறைய இருந்தது.

தண்ணீர் வராமல் காரியத்தைச் சொல்ல இயக்குநரால் இயலவில்லை. நாற்பது சுற்றறிக்கைகளில் கையெழுத்திட்டவர்தாம், ஆயினும் அவரையும் ஒரு தாய் வளர்த்திருந்தாள். அவர் பானையைப் பார்த்தார். பிராஸ்பர் பானையைப் பார்த்தார். ஜிக்போர்டி குவளையை எடுத்தாள். நிறைய மொண்டாள். இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தனர். அவள் அதைத் தானே குடித்து முடித்து, குவளையைப் பானைமேல் கவிழ்த்து வைத்தாள்.

“எஃபோ டொட்சே,” என்று இயக்குநர் ஒருவாறு தொடங்கினார். “முப்பது வருஷம் இந்த ஊருக்கு உழைச்சவர் நீங்க.”

“ஒண்ணு,” என்று டொட்சே விரலை மடக்கினார்.

“உங்க அனுபவம் யாருக்கும் வராது. நாளைக்குள்ள அந்த வால்வு எங்கன்னு காட்டிட்டீங்கன்னா—”

“ரெண்டு. மூணு.”

“நான் வெறுங்கையோட விட மாட்டேன். தகடு மூணு கட்டு. இல்ல, நாலு. இந்தச் சுவரப் பாத்தா எனக்கே மனசு கேக்கல.”

டொட்சே எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். மலைச்சரிவில் பெண்கள் வரிசையாகக் குடத்தோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் செனமும் இருந்தாள். வெறும் குடத்தைத் தலையில் கவிழ்த்திருந்தாள். டொட்சே எழுந்து மண்வெட்டியை எடுத்தார்.

“வாங்க காட்டறேன். உங்களுக்காக இல்ல. தகட்டுக்காகவும் இல்ல. தண்ணி ஊரோடது.”

“தகடு கட்டாயம் வரும். இது என் வார்த்தை.”

“எழுதி அனுப்புங்க ஐயா. சுற்றறிக்கை அப்படித்தான் சொல்லுது.”

வால்வு, மாதா கோயிலுக்குப் போகும் திருப்பத்தில், பழைய பாலத்தின் மூன்றாம் தூணிலிருந்து பதினாறு அடி தள்ளி இருந்தது. டொட்சே காலால் அளந்து, மண்வெட்டியின் முனையால் ஒரு கோடு கிழித்துவிட்டுத் திரும்பி நடந்தார். மாலையில் நகரத்தில் தண்ணீர் வந்தது. மறுநாள் அமைச்சர், குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டு, மெய்ம்மையின் தேவையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.

அடுத்த வாரம் டொட்சேக்கு மின்னஞ்சல் வந்தது. ‘அன்புள்ள முன்னாள் ஊழியரே’ என்று தொடங்கி, நான்கு கட்டுத் தகடு என்று சொல்லி, கீழே அழுத்தவும் என்று முடிந்தது. இயக்குநரின் பெயரும் இருந்தது.

“என்ன பண்ணப் போறீங்க?” என்றாள் ஜிக்போர்டி.

“விதி என்ன சொல்லுதோ அது.”

நகரத்துக்கு நடந்துபோய் அவர் மூன்று படி எடுத்தார். பிரிவின் மூன்றாவது அறையில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொண்டார். இருபத்தொரு வேலைநாள் கழிந்தது. பிப்ரவரியின் முதல் மழை தார்ப்பாயைக் கிழித்துவிட்டுப் போன மறுநாள் காலையில் தீர்ப்பு கைக்கு வந்தது. உறையைப் பிரித்து அவர் மனைவிக்கு உரக்கப் படித்தார்.

‘போலி. காரணம்: அனுப்பியவரிடமிருந்து எதிர்பார்க்க இயலாத அன்பு.’

பிரிவு தொடங்கிய நாள்முதல் வழங்கிய தீர்ப்புகளில் அது ஒன்றாவது சரியானது என்று டொட்சே ஒப்புக்கொண்டார். தாளை நான்காக மடித்துச் சுவர்க் கற்களின் இடுக்கில், ஒழுகும் இடத்தில் செருகினார்.